கலந்து போன அமானிதம்

பொருள் அழிவது ஒன்று, தொலைவது வேறொன்று. 1258ஆம் ஆண்டில் தாத்தாரியர் கையில் பக்தாது பட்ட பாட்டையும், அந்நகரின் நூலகங்கள் நாசமான வரலாற்றையும் நம் மத்ரஸாக்களில் இன்றளவும் பெருமூச்சோடுதான் சொல்லிக்கொடுக்கிறோம். 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவில் தீக்கிரையான யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போனதைத் தமிழுலகம் மறக்கவில்லை. அழிவுக்கு நாள் உண்டு, சாட்சி உண்டு, அழுவதற்கு ஆளும் உண்டு. தொலைவுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஒருவன் கண்ணும் கையும் நோகச் செய்த வேலைப்பாட்டை ஒரு கல்விக்கூடம் பெற்றுக்கொள்கிறது, பத்திரமாக உள்ளே வைக்கிறது, கதவையும் பூட்டுகிறது. பிறகு, உள்ளே இருப்பது இன்னதென்பதை மட்டும் மறந்துவிடுகிறது. களவும் இல்லை, தீயும் இல்லை. ஆனாலும் பொருள் இல்லை.

இவ்வகைத் தொலைவுக்கு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்வோம். அதைச் சொன்ன பிறகு நம் சென்னைக்கும், அங்கிருந்து நம் தோல் ஊர்களுக்கும் வருவது எளிது.

சார்ஜென்ட் ஜான்சன் என்பவர் 1888ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை சுவீடன் வழியினர். தாய் கருப்பினமும் செவ்விந்தியரின் செரோக்கி இனமும் கலந்த மரபினர். சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து யதீமானவர். சில காலம் மாமன் வீட்டில் வளர்ந்தார். அந்த மாமனின் மனைவி மே ஹோவர்ட் ஜாக்சன் பெயர்பெற்ற சிற்பி. களிமண்ணைப் பிசைந்து முகம் எழுப்பும் அவருடைய கைகளைப் பார்த்தே பிள்ளையின் மனம் அத்தொழிலில் பதிந்தது என்பர். பின்னர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்து, வாலிபப் பருவத்தில் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார். மரம், மண், செம்பு, கல் ஆகிய எல்லாவற்றிலும் வேலை செய்தார். பகலில் பிழைப்புக்கான கூலிவேலை, மிஞ்சிய நேரத்தில் சிற்பம் என்பதே அவர் வாழ்வில் பெரும்பகுதி.

1930களில் அந்நாட்டைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டியபோது, வேலையற்றிருந்த கலைஞர்களுக்கு அரசாங்கமே கூலி கொடுத்துப் பொதுக் கட்டடங்களை அழகுபடுத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் 1937ஆம் ஆண்டில், பெர்க்லி நகரிலிருந்த கலிபோர்னியப் பார்வையற்றோர் பள்ளிக்கு ஜான்சன் ஒரு வேலை செய்துகொடுத்தார். பள்ளியின் இசைக் கூடத்தில் குழல் வாத்தியப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் முன்பக்கத்தை மறைத்து நிற்கும் தட்டியைச் செம்மரப் பலகையில் குடைந்து செதுக்கினார். அகலம் 22 அடி. பறவைகளும் விலங்குகளும் இசைப்போரும் பலகையை விட்டுப் புடைத்து நிற்கும் வேலை. பார்வையற்ற பிள்ளைகள் இருந்த கூடத்துக்கு, தடவிப் பார்த்து அறியத்தக்க ஒரு கலை! காணும் கண்ணுக்கு மட்டும் செய்யப்படும் ஓவியத்தை அங்கே தொங்கவிட்டிருந்தால் யாருக்குப் பயன்? இந்த ஒன்றுக்காகவே அவ்வேலைப்பாடு நம் நெஞ்சைத் தொடுகிறது.

1980ஆம் ஆண்டில் பள்ளி வேறு ஊருக்குப் பெயர்ந்தது. கட்டடங்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. இசைக் கூடத்துத் தட்டியைக் கழற்றிப் பல்கலைக்கழகத்தின் சேமிப்பறையில் வைத்தார்கள். ஜான்சன் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல், காலமாகிவிட்டார். வைத்தவர்களும் ஒவ்வொருவராக வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும். எவருக்கும் முகவரி சொல்லாத மரப்பலகைகள் உள்ளேயே கிடந்தன. 2009ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் உபரிப் பொருள் விற்பனைக் கடைக்கு அவை வந்து சேர்ந்தன. உடைந்த நாற்காலி, பழைய மேசை, ஓடாத இயந்திரம் ஆகியவை விலைபோகும் இடம் அது. மரச்சாமான் வாங்கி விற்கும் ஒருவர் கண்ணில் அப்பலகைகள் பட்டன. விலை 150 டாலர். வரியோடு சேர்த்து 164 டாலர் 63 காசு கொடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கும் அப்போது அது யாருடைய வேலை என்று தெரியாது. பின்னர் விசாரித்து அறிந்தபோதுதான், பத்து லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள ஒன்றைத் தாம் வாங்கியிருப்பது அவருக்குப் புலப்பட்டது.

இங்கே ஒரு சட்டப் பிரச்சினை எழுந்தது. அத்திட்டத்தில் செய்யப்பட்ட, எடுத்துச் செல்லத்தக்க கலைப்பொருள்கள் எல்லாம் தனக்கே உரியவை என்பது அமெரிக்க மத்திய அரசின் நிலை. பல்கலைக்கழகம் விற்றாலும் விற்பனை செல்லாது என்று அரசு உரிமை கோரியிருக்கலாம். ஆனால் இத்தட்டி கட்டடத்தோடு பொருத்திச் செய்யப்பட்டது. ஆகவே கட்டடத்தின் ஒரு பகுதி. கட்டடம் கைமாறியபோதே இதுவும் கைமாறிவிட்டது என்று முடிவாயிற்று. பிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. வீட்டை விற்றால் நிலையில் பொருத்திய கதவும் விற்பனையில் அடங்கும். கூடத்தில் கிடக்கும் பாய் அடங்காது. கடல்கடந்த நாட்டின் வக்கீல்களும் நம் பழைய ஆலிம்களும் ஒரே வாசலில் வந்து நிற்பதைக் கண்டு நாம் வியந்தோம். 2011ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்த ஹண்டிங்டன் என்னும் நூலகமும் கலைக்கூடமும் சேர்ந்த நிறுவனம் அத்தட்டியை வாங்கிக்கொண்டது. இன்று அது அங்கே பத்திரமாக இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் ஜான்சனுக்கென்றே அங்கு ஒரு கண்காட்சி நடத்தி, அதே பள்ளிக்காக அவர் செய்த பிற வேலைகளையும் வரவழைத்துச் சேர்த்து வைத்துக் காட்டினார்கள்.

‘மௌலவி ஸாஹிபுக்குச் சிற்பத்தோடு என்ன வேலை?’ என்று நம்மைக் கேட்பார் உண்டு. கேட்கட்டும். உருவம் செதுக்குவது பற்றிய மார்க்கச் சட்டத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம். அது வேறு பாடம். இங்கே நம் முன் இருப்பது ஒப்படைக்கப்பட்ட பொருளின் கதி. பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட இரவில், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். அப்பொருள்களுக்குரியவர்கள் அண்ணலாரின் மார்க்கத்தை ஏற்காதவர்கள். அவர்களுள் சிலர் அண்ணலாரின் உயிருக்கே உலை வைக்கத் துணிந்தவர்களின் கூட்டத்தார். எனினும் அமானிதம் அமானிதமே. பொருள் யாருடையது, எத்தன்மையது என்பதைப் பொறுத்து அதைக் காக்கும் கடமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

சட்டத்தைச் சற்று விரித்துச் சொல்வது இவ்விடத்தில் பயன்படும். ஒரு பொருளை ஒருவர் மற்றொருவர் கையில் கொடுப்பது பலவகைப்படும். ‘ஹிபா’ என்றால் முழு நன்கொடை. பெற்றவர் கைவசப்படுத்தியதும் அவர் உடைமையாகிவிடும். ‘வதீஆ’ என்றால் பாதுகாப்புக்காக ஒப்படைத்தது. பெற்றவர் காவலாளரே, உடைமையாளர் அல்லர். ‘வக்பு’ என்றால் பொருள் ஒருவர் உடைமையாக ஆகாமல், அதன் பயன் மட்டும் மக்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வதீஆவின் பாடத்தில் நம் ஹனபி நூல்கள் ஒரு நுட்பத்தைச் சொல்கின்றன. ஒப்படைத்த பொருள் காவலாளரின் குற்றமின்றித் திருட்டிலோ தீயிலோ போய்விட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பொருளைப் பிரித்தறிய முடியாதபடி தம் பொருளோடு அவர் கலந்துவிட்டால், அந்தக் கலப்பே வரம்பு மீறலாகும். பொருள் அவர் வீட்டிலேயே இருந்தாலும், அவர் அதற்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார்.

தானியத்துக்கும் நாணயத்துக்கும் சொல்லப்பட்ட சட்டம் இது. ஆயினும் பெர்க்லியில் நடந்தது வேறென்ன? பலகையை எவரும் எரிக்கவில்லை. எவரும் திருடவில்லை. பெயர் எழுதாமல் மற்றப் பலகைகளோடு கலக்கவிட்டார்கள். தொலைந்தது 2009இல் அன்று. கலந்த அன்றே தொலைந்தது. 2009இல் நடந்தது வெறும் விற்பனை.

இனிச் சென்னைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் இன்று பள்ளிக்கல்வித் துறையின் அலுவலகங்கள் இருக்கும் வளாகத்தில் ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கியது. 1812ஆம் ஆண்டில் எல்லிஸ் துரையின் முயற்சியால் ஏற்பட்டது அக்கல்லூரி. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் மட்டுமன்றி அரபியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்பித்த இடம். தமிழ்ப் புலவர்களும் முன்ஷிகளும் ஒரே கூரையின் கீழ் சம்பளம் வாங்கினார்கள். அக்கல்லூரியின் முன்வெளியில், 1840களின் நடுவிலிருந்து, செதுக்கு வேலைப்பாடு நிறைந்த வெண்சுண்ணக் கற்கள் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன.

அவை கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதியிலிருந்து வந்தவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தர்கள் எழுப்பிய பெரும் தூபியின் கற்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்னும் ஜமீன்தார் புதிய நகரம் கட்டுவதற்காக அந்த மேட்டைத் தோண்டிக் கல் எடுத்தார். அதைக் கேள்வியுற்று காலின் மெக்கன்சி முதன்முறை அங்கே சென்றார். பின்னர், 1816ஐ அடுத்த ஆண்டுகளில், தம் ஆட்களைக் கொண்டு கற்களை ஒவ்வொன்றாகப் படம் வரையச் செய்தார். 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் என்னும் அதிகாரி மேலும் தோண்டி, கிடைத்த கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். கல்விமான், நம் நாட்டு நாணயங்களைப் பற்றி நூலெழுதியவர். ஆனால் தாம் தோண்டிய இடத்தில் எந்தக் கல் எங்கே, எந்நிலையில் இருந்தது என்று முறையான அறிக்கை ஒன்றை அவர் வெளியிடவில்லை. அக்குறை இன்றுவரை ஆராய்ச்சியாளர்களை வாட்டுகிறது.

1859ஆம் ஆண்டில் 121 கற்கள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. போன காலம் பொல்லாத காலம். முந்திய ஆண்டில்தான் கம்பெனியின் ஆட்சியே முடிவுக்கு வந்திருந்தது; பொருளை ஏற்றுக்கொள்ள வேண்டிய வீடு கலைந்து கிடந்தது. கற்கள் தேம்ஸ் நதிக்கரைச் சரக்குக் கிடங்கில் காத்துக்கிடந்தன. பிறகு இந்திய அருங்காட்சியகம் ஒண்டுக்குடி இருந்த பைப் மாளிகைக்கு வந்தன. அங்கேயும் இடமில்லை. சிலவற்றை வெளிச்சுவரில் சார்த்தினார்கள். மற்றவற்றைக் குதிரைவண்டிக் கொட்டகையில் அடுக்கினார்கள். 1867ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சிக்காக இந்தியக் கட்டடங்களின் படங்களைத் தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் பெர்குஸன் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தார். கம்பெனியின் தலைநகரிலேயே, வண்டிச் சக்கரங்களுக்கு நடுவில், ஒரு பெரும் கலைச் செல்வம் கேட்பாரற்றுக் கிடந்ததை அவரே உலகுக்கு அறிவித்தார். 1880இல் கற்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அங்கும் நெடுங்காலம் நிலவறையில் கிடந்துவிட்டு, 1992ஆம் ஆண்டில்தான் தமக்கெனத் தனியறை பெற்றன. மற்றொரு பகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. (அக்கற்கள் இங்கே திரும்பி வர வேண்டுமா என்பது பெரிய வழக்கு; அதற்குள் நாம் இப்போது புகவில்லை.)

பெர்குஸன் கொட்டகையில் கண்டது இன்னதென்று அவருக்கு எப்படித் தெரிந்தது? இதுவே நம் கட்டுரையின் நடுநரம்பு. மெக்கன்சி வரையச் செய்த படங்கள் இந்திய அலுவலக நூலகத்தில் இருந்தன. கல் ஒருபுறம், காகிதம் ஒருபுறம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வந்தபோது கல்லுக்கு வாய் திறந்தது. இன்னொரு காகிதமும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் அரசாங்கப் புகைப்படக்காரர், 1858ஆம் ஆண்டில், கற்கள் கப்பலேறுவதற்கு முன்னரே சென்னையில் அவற்றைப் படம் பிடித்து வைத்திருந்தார். மெக்கன்சியின் ஆட்கள் வரைந்த கற்களுள் சில பின்னர் எங்கே போயின என்றே தெரியவில்லை. அவற்றைப் பொறுத்தவரை, காகிதமே இன்று கல்.

நம் காலத்திலும் இதே கதைதான். அரியலூர் மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது திருட்டுப் பொருள் என்று நிறுவியதில் பெரும்பங்கு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படங்களுக்கு உண்டு. அந்நிறுவனத்தார் நம் ஊர்க் கோயில்களில் உள்ளவற்றையெல்லாம் பல்லாண்டுகளாகப் படமெடுத்து எண்ணிட்டு வைத்திருந்தார்கள். 2014ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அன்று ஊர்ஊராய்ப் போய்ப் படம் எடுத்தவருக்கு, இது ஒரு நாள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் என்று தோன்றியிருக்குமா? தோன்றியிராது.

கற்களைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அமராவதிக் கற்களைச் செதுக்கியவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆனால் கொடுத்தவர்களின் பெயர்களை அறிவோம். தூபிக்குக் கல் கொடுத்தவர்கள் தம் பெயரையும் தொழிலையும் உறவையும் அக்கல்லிலேயே பிராகிருத மொழியில் வெட்டிவைத்தார்கள். வணிகர் உண்டு, துறவியர் உண்டு, பெண்கள் மிகுதியாக உண்டு. அவர்களுள் ஒருவர் விதிகர். தொழில், தோல் வேலை. தம் தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்லி, நிறைகுடம் செதுக்கிய ஒரு பலகையைத் தாம் கொடுத்ததாக அவர் எழுதிவைத்திருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளாகத் தூபி இடிந்தது, மேடு தோண்டப்பட்டது, அரசுகள் மாறின. தோல் தொழிலாளி விதிகரும் அவர் குடும்பமும் மட்டும் எழுத்தில் நிலைத்திருக்கிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலையே வாழ்வாகக் கொண்ட நம் ஊர்களில் இச்செய்தியைப் படிக்கும்போது ஏதோ தூரத்து உறவினரைக் கண்டதுபோல் இருக்கிறது. அவர் செய்தது எளிய காரியம்: கொடுத்த பொருளின் மேலேயே பெயரை எழுதினார். தனியே ஒரு பேரேட்டை நம்பியிருந்தால், பேரேடு போனதும் அவரும் போயிருப்பார்.

எழுதிவைப்பதன் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 377, அதாவது கி.பி. 987ஆம் ஆண்டில், பக்தாதில் நூல் பிரதி செய்து விற்கும் ‘வர்ராக்’ தொழில் செய்த இப்னு நதீம் என்பவர் ‘பிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலை எழுதினார். தம் காலத்தில் அரபு மொழியில் இருந்த நூல்களையும் ஆசிரியர்களையும் துறைவாரியாகப் பதிந்தார். அதில் உள்ள நூல்களுள் எத்தனையோ இன்று உலகில் எங்கும் இல்லை. அவை இருந்தன என்பதற்கே அவர் பட்டியல்தான் ஆதாரம். ஒரு புத்தகக் கடைக்காரரின் பட்டியல், பெரிய ஆலிம்கள் பலரின் பெயரைக் காப்பாற்றியது! தமிழுக்கு வந்தால், நமக்குக் கிடைத்துள்ள முஸ்லிம் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்தமாலையின் நிலை என்ன? நூல் கிடைக்கவில்லை. எஸ். வையாபுரிப்பிள்ளை 1931இல் பதிப்பித்த களவியற்காரிகையின் பழைய உரையில் மேற்கோளாக வந்த எட்டுப் பாடல்களே எஞ்சின. பெயர் தெரியாத அந்த உரைகாரர், நூற்பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டினார். ஆகவே நமக்கு ஒரு தொடக்கம் மிஞ்சியது. பெயர் சொல்லாமல் பாட்டை மட்டும் எடுத்தாண்டிருந்தால், அவை நம்முடையவை என்று நாம் உரிமை கொண்டாடியிருக்க முடியுமா?

கல்விக்கூடத்துக்குக் கொடுப்பதே தவறு என்று எவரும் கருத வேண்டாம். முறையாகக் கொடுத்து முறையாகப் பெற்றதற்கும் சான்று உண்டு. நம்மவர் பலர் பிழைப்புக்காகச் சென்று வாழும் சிங்கப்பூரில் இங் எங் தெங் என்று ஒரு சிற்பி இருந்தார். 1934இல் பிறந்து 2001இல் மறைந்தவர். தம் வாழ்நாள் படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, 1997ஆம் ஆண்டு தொடங்கிச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். முடிந்த சிற்பங்கள் மட்டுமல்ல, முன்மாதிரிகளும் வரைபடங்களும் அதில் அடங்கும். தாம் உயிரோடிருக்கும்போதே கொடுத்ததால், இது இன்னது, இந்த ஆண்டில் செய்தது என்று சொல்ல அவரே இருந்தார். கொடையாளரும் பட்டியலும் ஒருங்கே வந்து சேர்ந்த கொடை அது.

நிபந்தனை எழுதிக் கொடுத்தால் போதுமா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு, 1949ஆம் ஆண்டில் ஜார்ஜியா ஓகீப் என்னும் ஓவியர், பெரும்பாலும் தம் மறைந்த கணவர் சேர்த்துவைத்திருந்தவையான 101 கலைப்பொருள்களைக் கொடுத்தார். விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். பிற்காலத்தில் வறுமையில் விழுந்த பல்கலைக்கழகம், சிலவற்றை விற்க அனுமதி வேண்டி 2005ஆம் ஆண்டில் நீதிமன்றம் போனது. ஏழாண்டு வழக்கு நடந்தது. முடிவில் 2012இல், வேறொரு கலைக்கூடத்திடம் மூன்று கோடி டாலர் பெற்றுக்கொண்டு, ஈராண்டு அங்கே ஈராண்டு இங்கே என்று பங்கிட்டுக்கொண்டார்கள். வக்பு செய்தவரின் நிபந்தனையைச் சட்டத்தின் வாசகத்துக்கு ஒப்பாக மதிக்க வேண்டும் என்று ஓதி வளர்ந்த நமக்கு இத்தீர்ப்பு முழு நிறைவு தரவில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எழுத்து இருந்ததால்தான் வழக்கு நடந்தது. எழுத்து இல்லாத பெர்க்லியில் வழக்கே இல்லை. 150 டாலர் ரசீதுதான் இருந்தது.

நம் வட்டாரத்து நிலைமை இதுதான். தோல் வணிகத்தில் ஈட்டிய பெரியவர்கள் நாடெங்கும் கல்விக்காக வாரி வழங்கினார்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924இல் உமராபாத் தாருஸ்ஸலாமும், பின்னர் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் கல்லூரிகளும் எழுந்தது அப்படித்தான். கட்டடத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர் சலவைக்கல்லில் இருக்கிறது. ஆனால் பாட்டனார் மரப்பெட்டியில் வைத்திருந்த கிதாபுகளைக் கொடுத்தவர்களின் பெயர்? கையெழுத்துப் பிரதிகள், அரபுத் தமிழ் ஏடுகள், ஓரமெல்லாம் உஸ்தாதின் குறிப்பு நிறைந்த பாடநூல்கள், பம்பாயிலும் லக்னோவிலும் அச்சான கல்லச்சுப் பதிப்புகள்... இவற்றைப் பிள்ளைகள் வெளியூருக்குக் குடிபெயரும் நாளில் அவசரமாக மூட்டை கட்டி ஏதாவதொரு கல்விக்கூடத்தில் இறக்கிவிடுகிறார்கள். இறக்கியவர்கள் வக்பு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். பெற்றவர்கள் பழைய புத்தகம் வந்ததாக நினைக்கிறார்கள்.

கணியம்பாடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கொடுத்த சுமார் அறுபது கிதாபுகளைத் தேடி நாமும் அக்குடும்பத்தாரோடு ஒரு கல்வி நிறுவனத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்; தேநீர் கொடுத்தார்கள். நூற்பதிவேட்டில் அக்கொடை இல்லை. அரபி எழுத்தில் இருந்ததெல்லாம் ‘பிறமொழி’ என்னும் ஒரே அலமாரியில், முதல் பக்கம் கிழிந்தும் புது அட்டை போட்டும் இருந்தன. அட்டை மாற்றியவர் பழைய அட்டையின் உட்புறத்தில் இருந்த பெயர்களையும் சேர்த்து எறிந்துவிட்டார். பிற்பகல் முழுதும் ஓரக் குறிப்புகளின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்பதைக் கண்டுபிடித்தோம். மற்றவை அங்கேயே, அந்த அலமாரியிலேயே இருக்கலாம். நம் கண்ணெதிரே இருந்தும் இருக்கலாம்.

தோல் மண்டியில் ஒரு கட்டுச் சரக்கு வந்து இறங்கினால், யாருடையது, எத்தனை, என்ன தரம் என்று பேரேட்டில் ஏற்றாமல் எந்தக் கணக்குப்பிள்ளையும் உள்ளே விடமாட்டார். பதனிட வந்த தோலில் அடையாளம் இல்லாவிட்டால் தொட்டியில் இறக்கமாட்டார்கள். இறக்கினால் பிறகு யார் தோல் யாருடையது? இதே கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் பிறக்கும் பிள்ளையையும் இறக்கும் முதியவரையும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர் பல்லாண்டுகளாக வீடுவீடாகப் பதிந்து வருகிறார்கள். உலக நாடுகளின் மருத்துவ ஏடுகள் அப்பதிவுகளைக் கொண்டு ஆராய்கின்றன. பதிவதில் நாம் கற்றுக்குட்டிகள் அல்லோம். கிதாபு என்று வரும்போது மட்டும் ‘எல்லாம் நன்மைக்குத்தானே’ என்று கணக்கை விட்டுவிடுகிறோம்.

கொடுக்கும் குடும்பத்தார் செய்யக்கூடியது பெரிதொன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கிதாபின் பெயர், எழுதியவர், கையெழுத்தா அச்சா, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இரண்டு பிரதி எழுத வேண்டும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைபேசியிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் எழுதாமல், நூலின் உள்ளே, மையில் அன்றிக் கரிக்கோலால், வீட்டுப் பெயரையும் வரிசை எண்ணையும் குறிக்க வேண்டும். ஹிபாவா, வதீஆவா, வக்பா என்பதை ஒரு வரியில் தெளிவாக எழுதி, பெற்றுக்கொள்பவரின் கையொப்பத்தை இரண்டு பிரதியிலும் வாங்க வேண்டும். கையொப்பமிடத் தயங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டாம், அவர்கள் காக்கப்போவதில்லை.

ஒன்பது கிதாபுகளோடு திரும்பிய அக்குடும்பத்தில், கொடுக்காமல் எஞ்சிய ஒரு பெட்டி பரணில் இருந்தது. அவ்வீட்டுப் பெண்பிள்ளை, கல்லூரியில் படிப்பவள், அதை இறக்கித் துடைத்து, ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். எழுத்துப் புரியாத இடங்களில் நம்மிடம் கொண்டுவருகிறாள். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்தபோது நாற்பத்தொன்றாம் எண் வரை முடிந்திருந்தது. அது ஒரு மௌலிது ஏடு. எழுதியவர் பெயர் கடைசிப் பக்கத்தில் பாதி அரித்துப் போயிருந்தது. படிக்க முடிந்த எழுத்துகளை மட்டும் எழுதி, மற்ற இடத்தைக் காலியாக விடச் சொன்னோம்.